குளிரில் சைக்கிள்: இரண்டு கால்சட்டை போட்டும் தொடையும் முழங்காலும் விறைக்கின்றன, என்ன செய்வது?

விடியற்பயணி:

வேலைக்குச் சைக்கிளில் போகிறேன். ஒரு வழிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். பொழுது புலரும் முன்பே கிளம்பியாக வேண்டும். இப்போது காலையில் வெப்பநிலை 2 முதல் 6 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கிறது. மேலுடம்புக்கு ஒரு குறையும் இல்லை. கம்பளிச் சட்டையும் காற்று புகாத மேலங்கியும் போட்டால் சற்று நேரத்தில் சூடேறிவிடுகிறது. தொல்லை எல்லாம் இடுப்புக்குக் கீழேதான்.

உள்ளே உடம்போடு ஒட்டிய பருத்திக் கால்சட்டை, அதன்மேல் தடித்த ஜீன்ஸ். கிளம்பும்போது கதகதப்பாக இருக்கிறது. பாதி வழி போவதற்குள் தொடையின் முன்பக்கம் ஊசி குத்துவதுபோல் குளிர்கிறது. போய்ச் சேர்ந்து உடை மாற்றும்போது பார்த்தால், தொடை முன்புறம் சிவந்து, தொட்டால் சில்லென்று இருக்கிறது. ஆனால் முழங்காலின் பின்மடிப்பும் இடுப்பைச் சுற்றிய துணியும் வியர்வையில் நனைந்திருக்கின்றன. ஒரே காலில் முன்னே குளிர், பின்னே வியர்வை! முழங்கால்கள் இறுகிப்போய், படியேறும்போது சில்லுக்குக் கீழே வலிக்கிறது. கால்விரல்களும் மரத்துப்போகின்றன.

இன்னும் தடித்த துணி போட்டுப் பார்த்தேன், வியர்வைதான் கூடியது. மூன்றாவதாக ஒன்றைப் போட வேண்டுமா? சைக்கிளோட்டிகளுக்கென்றே விற்கும் உடையை வாங்கத்தான் வேண்டுமா? இப்படியே ஓட்டினால் முழங்கால் நிரந்தரமாகக் கெட்டுவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. குளிர்காலம் முடியும்வரை சைக்கிளை மூலையில் நிறுத்திவைக்க மனம் வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எதிர்க்காற்று:

மூன்றாவது அடுக்கு வேண்டவே வேண்டாம் நண்பரே. முன்னே குளிர், பின்னே வியர்வை என்று நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. துணியின் தடிமனில் குறையில்லை. காற்றை நிறுத்தத்தான் அங்கே ஒன்றும் இல்லை.

இலை அசையாத காலையிலும் சைக்கிள் ஓட்டுகிறவர்மீது காற்று அடித்துக்கொண்டேதான் இருக்கும், ஏனென்றால் அவருடைய வேகமே காற்றாகிறது. 5 டிகிரிக் குளிரில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகக் காற்று பட்டால், திறந்த தோலுக்கு அது 0 டிகிரியைப்போல் உறைக்கும். நீங்கள் 20 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகிறீர்கள் என்றாலும், எதிரே 10 கிலோமீட்டர் வேகத்தில் இளங்காற்று வந்தால் கணக்கு அதேதான். அந்தக் காற்றை நேராக வாங்குவது தொடையின் முன்பக்கம், முழங்கால், கணைக்கால் எலும்பு. பின்பக்கம் காற்று மறைவில் இருக்கிறது. மிதிக்கும்போது தசை செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய கால்பங்குதான் பெடலுக்குப் போய்ச் சேர்கிறது, மீதியெல்லாம் வெப்பம். பின்பக்கத்தில் அது வெளியேற வழியில்லாமல் வியர்வையாகிறது. முன்பக்கத்தில் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது.

பருத்தியும் சேர்ந்து கெடுக்கிறது. வியர்வையைக் குடித்துவிட்டு எளிதில் உலராது. தண்ணீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஈரமான பருத்தி எத்தனை அடுக்கு இருந்தாலும் கால் சூட்டை அது காக்காது.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். ஜீன்ஸின் தொடைப்பகுதியை வாயோடு ஒட்டிப் பிடித்து, பலமாக ஊதுங்கள். மறுபக்கம் உள்ளங்கையை வையுங்கள். மூச்சின் சூடு கையில் தெரிந்தால், சாலையில் குளிர்காற்றும் அதே வழியாக உள்ளே வரும். கடையில் எந்தக் கால்சட்டையைப் பார்த்தாலும் விலைச்சீட்டைப் படிக்கும் முன் இப்படி ஊதிப் பார்த்துவிடுங்கள்.

வாங்குவதானால், முன்பக்கம் மட்டும் காற்று புகாத துணியும் பின்பக்கம் ஆவி வெளியேறும் சாதாரண நெகிழ்துணியும் வைத்துத் தைத்த டைட்ஸ், அதாவது காலோடு ஒட்டி நிற்கும் கால்சட்டை வாங்குங்கள். உள்புறம் மெல்லிய ஃப்ளீஸ் (பஞ்சுபோன்ற செயற்கைத் துணி) இருந்தால் போதும். சுற்றிலும் காற்று புகாததாக இருந்தால் உங்கள் பின்பக்க வியர்வை இன்னும் மோசமாகும்.

சங்கிலிக்கண்ணி:

எதிர்க்காற்று ஐயா சொன்னது முழுக்கச் சரி. ஆனால் உடனே டைட்ஸ் வாங்கியாக வேண்டும் என்பதில்லை. உள்ளே ஓட்டப்பயிற்சிக்குப் போடும் மெல்லிய பாலியெஸ்டர் கால்சட்டை, மேலே முழங்காலுக்குக் கீழ்வரை வரும் காற்று புகாத தளர்வான அரைக்கால்சட்டை ஒன்று. தளர்வாக இருப்பதால் அடிவழியாக ஆவி போய்விடும். மழைக்கால்சட்டையை இதற்குப் போடலாமா என்று பலரும் கேட்பார்கள். கால்மணி நேரப் பயணத்துக்குச் சரி. முக்கால் மணி நேரம் என்றால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

மாலையில் திரும்பும்போது வெயில் இருக்கும் என்றால் லெக் வார்மரைப் பற்றி யோசியுங்கள். தொடையிலிருந்து கணுக்கால்வரை வரும் தனி உறை அது. தேவையில்லாதபோது கழற்றிச் சுருட்டிப் பையில் வைத்துவிடலாம். அதன் மேல்விளிம்பு அரைக்கால்சட்டையின் விளிம்புக்கு உள்ளே நன்றாகப் போயிருக்க வேண்டும். இல்லையென்றால் மிதிக்க மிதிக்கக் கீழே இறங்கி, தொடையில் ஒரு வளையம்போல் குளிர் பிடிக்கும்.

அவசரத்துக்குச் செய்தித்தாள்கூடக் கைகொடுக்கும். முன்பெல்லாம் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தய வீரர்கள் மலை உச்சியில் செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சோடு செருகிக்கொண்டு இறக்கத்தில் பாய்வார்கள். இரண்டாக மடித்த தாளை இரண்டு கால்சட்டைக்கும் நடுவில் தொடைமேல் வைத்தால் ஒரு பயணம் தாங்கும். முழங்காலில் மட்டும் நிற்காது, நழுவிவிடும்.

எதிர்க்காற்று:

லெக் வார்மர் 10 டிகிரிக்கு அருமையான பொருள். 2 டிகிரியில் முக்கால் மணி நேரத்துக்குச் சாதாரண லெக் வார்மர் போதாது என்பதே என் கருத்து. அதிலும் முன்பக்கம் காற்றைத் தடுக்கும் வகையைத் தேட வேண்டும்.

மேட்டுச்சாலை:

உடையெல்லாம் எதற்கு? பந்தய வீரர்கள் குளிரில் சூட்டுத் தைலம்தான் தேய்த்துக்கொள்கிறார்கள். முழங்காலில் தேய்த்துவிட்டுக் கிளம்புங்கள், தீ மாதிரி இருக்கும்.

மூட்டுநலம்:

நான் இயன்முறை மருத்துவப் பிரிவில் வேலை செய்பவள், அதனால் தைலத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மிளகாயின் காரச்சத்து சேர்ந்த தைலம் தோலுக்குச் சூடு இருப்பதாக உணர்த்தும், அவ்வளவுதான். உடம்பின் வெப்பம் வெளியேறுவதை அது தடுக்காது. குளிர்கிறது என்று உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை அடங்கிவிடுகிறது, குளிரோ அப்படியே இருக்கிறது. தேய்த்தே தீருவேன் என்கிறவர்கள் கால்சட்டையைப் போட்டு முடித்த பிறகு, வெளியே தெரியும் இடத்தில் மட்டும் தேய்க்க வேண்டும். காயத்தின்மேல் கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொடக் கூடாது. அன்று வெந்நீரில் குளித்தால் எரிச்சல் மறுபடி கிளம்பும்.

இனி முழங்காலுக்கு வருகிறேன் விடியற்பயணி. தொடையில் கனமான தசை இருக்கிறது, உழைக்கும்போது தானே சூடாகும். முழங்காலின் முன்புறம் தோலுக்கு அடியில் சில்லும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும்தான் இருக்கின்றன. போர்த்த சதை இல்லை, தசைநாணுக்கு ரத்த ஓட்டமும் தசையைவிடக் குறைவு. ஒவ்வொரு மிதிக்கும் துணி அங்கே இறுக இழுபட்டு, இடையிலிருக்கும் காற்றடுக்கும் நசுங்கிப்போகிறது. அதனால்தான் நீண்டநாள் சைக்கிளோட்டிகள் பலர் 15 டிகிரிக்குக் கீழே போனால், கணுக்காலை விட்டாலும் விடுவார்கள், முழங்காலைத் திறந்து விடமாட்டார்கள்.

நிரந்தரமாகக் கெடுமா என்று கேட்டீர்கள். உள்ளே போய்ச் சூடானதும் இறுக்கம் விட்டுவிடுகிறது என்றால் பதற வேண்டியதில்லை. வீக்கம், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, மடக்கிய கால் நீட்ட முடியாமல் சிக்கிக்கொள்வது, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் எனக்கு இரண்டு விவரம் வேண்டும். கிளம்பியவுடன் எந்த கியரில் மிதிக்கிறீர்கள்? இருக்கையின் உயரத்தைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள்?

முதல் பத்துப் பதினைந்து நிமிடம் இலேசான கியரில், கால்கள் வேகமாகச் சுழலும்படி மிதியுங்கள். குளிர்ந்த தசை மெதுவாகத்தான் சுருங்கும், பலமும் குறைவு. அந்த நேரத்தில் கனமான கியரை அழுத்தினால் முழுச் சுமையும் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாணில்தான் விழும். இறக்கத்திலும் காலைச் சும்மா வைக்காதீர்கள், விசை கொடுக்காமலாவது சுற்றிக்கொண்டே இருங்கள். வேகம் கூடி, தசை வேலையை நிறுத்தும் நேரத்தில்தான் கால் சட்டென்று குளிர்ந்துபோகிறது.

சங்கிலிக்கண்ணி:

கால்விரலை எல்லோரும் மறந்துவிட்டீர்களே. விடியற்பயணி, இரண்டு காலுறை போடுகிறீர்களா? ஷூ இறுகினால் ரத்தம் விரல்வரை போகாது. அதற்கு மெல்லிய மெரினோ கம்பளிக் காலுறை ஒன்றே மேல். விரல்கள் ஷூவுக்குள் தாராளமாக அசைய வேண்டும். வலைத்துணி ஷூ என்றால் காற்று நேராக உள்ளே புகுந்துவிடும், மேலே ஓர் உறை மாட்டுங்கள். அடிப்பாகத்தில் பெடலோடு பூட்டும் உலோகக் கட்டை இருந்தால் அதன் வழியாகவும் குளிர் ஏறும். ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் கம்பளி அல்லது ஃப்ளீஸ் ஒட்டிய உள்ளடி ஒன்றைப் போடலாம். காலுறைக்கும் கால்சட்டைக்கும் நடுவில் கணுக்கால் தெரியவே கூடாது. ரத்தக்குழாய்கள் அங்கே தோலுக்குப் பக்கத்திலேயே ஓடுகின்றன, பாதத்துக்குப் போகும் ரத்தம் அங்கேயே குளிர்ந்துவிடும்.

மூட்டுநலம்:

கூடவே ஒன்று. விரல்கள் வெறுமனே மரத்துப்போவது வேறு. வெளுத்து, நீலம் பாய்ந்து, பிறகு சிவப்பது வேறு. அப்படி நிறம் மாறினால் ரேனோ எனப்படும் ரத்தக்குழாய்ச் சுருக்கமாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்ட வேண்டும். மெழுகுபோல் வெளுத்து உணர்ச்சியே இல்லாமல் போனால் தேய்க்காதீர்கள், ஹீட்டரின் முன் நீட்டாதீர்கள். 37 முதல் 39 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, ஆகவே நீரை வேறொருவர் கையாலோ முழங்கையாலோ தொட்டுப் பார்க்க வேண்டும். உணர்ச்சி திரும்பவில்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

விடியற்பயணி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஜீன்ஸில் ஊதிப் பார்த்தேன், மறுபக்கம் கை முழுக்கச் சூடு. அத்தனை தடித்த துணி காற்றை இப்படி விடும் என்று நினைக்கவில்லை. பருத்தியை விட்டுவிட்டுப் பாலியெஸ்டர் கால்சட்டையும் மேலே காற்று புகாத அரைக்கால்சட்டையும் போட ஆரம்பித்த பிறகு தொடை விறைக்கவே இல்லை. உடை முன்பைவிட மெல்லியது, குளிரும் குறைவு. பின்மடிப்பும் உலர்ந்திருக்கிறது. விரலுக்குக் கம்பளி உள்ளடி போட்டேன். மரப்பது பெருமளவு நின்றது, நிறம் மாறவில்லை.

முழங்கால் மட்டும் முழுதாகச் சரியாகவில்லை. இறுக்கம் இல்லை, ஆனால் சில்லுக்குக் கீழே வலி இன்னும் எட்டிப்பார்க்கிறது. வீக்கம் இல்லை. கியர் இலேசாகத்தான் வைக்கிறேன். இருக்கை கோடையில் வைத்த உயரத்திலேயே இருக்கிறது.

மூட்டுநலம்:

அப்படியானால் இனி அது குளிரின் வேலை மட்டுமல்ல. புதிய உள்ளடி பாதத்தை ஷூவுக்குள் மேலே தூக்குகிறது, அந்த அளவுக்குக் கால் கூடுதலாக மடங்குகிறது. இருக்கையைத் தாழ்த்தியதற்கு அது சமம். தாழ்ந்த இருக்கைதான் முழங்கால் முன்வலிக்கு அடிக்கடி காரணமாகிறது. உங்களுக்கு வலி முன்பே இருந்ததால், இருக்கை ஏற்கெனவே சற்றுத் தாழ்ந்திருக்கலாம்.

குளிர்கால உடை, ஷூ, உள்ளடி எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு சுவரோரம் சைக்கிளில் நேராக உட்காருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் மடங்காமல் நீண்டு நிற்க வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால், அடியில் முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருக்கும். உயர்த்த வேண்டியிருந்தால் சில மில்லிமீட்டர் மட்டும் உயர்த்துங்கள், சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். ஒரேயடியாகத் தூக்கினால் முழங்காலின் பின்புறம் வலிக்கத் தொடங்கும்.

விடியற்பயணி:

குதிகால் வைத்துப் பார்த்தேன், முழங்கால் நன்றாகவே மடங்கி நின்றது. சிறிது உயர்த்தியிருக்கிறேன், நீங்கள் சொன்னபடி பொறுத்துப் பார்க்கிறேன் அம்மா. இன்னும் ஒரே ஒரு கேள்வி: மழை பெய்து முடிந்த ஈரச்சாலையில் கணைக்கால் நனைந்துவிடுகிறது, அதற்கு என்ன வழி?

எதிர்க்காற்று:

முதலில் மட்கார்டு. நனைப்பது பெரும்பாலும் முன்சக்கரம் வாரியடிக்கும் சாலைத் தண்ணீர். முன் மட்கார்டின் நுனியில் தரைக்குச் சற்று மேலே நிற்கும்படி ரப்பர் பட்டை ஒன்றைத் தொங்கவிடுங்கள், பாதமும் கணைக்காலும் தப்பிவிடும். நீர் ஒட்டாத பூச்சுள்ள கால்சட்டை என்றால் துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றாதீர்கள். அது இழைமேல் படிந்துவிட்டால் தண்ணீர் முத்துமுத்தாக உருண்டோடாமல் துணியில் ஊறத் தொடங்கிவிடும்.