பொருள்: ‘அக்கூஸ்டிக் பேனல்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் (வெள்ளிக்கிழமைக்குள் தேவை)

மன்னார்குடியிலிருந்து, திங்கள் இரவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பிளஸ் ஒன் முடித்த மாணவர்களுக்காக மே மாதத்தில் மூன்று நாள் பட்டறை ஒன்று நடத்தவிருக்கிறோம். ஒலிக்கருவிகளை அடுக்கி வைக்கும் ரேக் ஒன்றையும், பாட்டுப் பதிவு செய்யும் அறையின் சுவரில் மாட்டும் அக்கூஸ்டிக் பேனல்களையும் அவர்களே தம் கையால் செய்ய வேண்டும் என்பது திட்டம். கையேட்டை எழுதி முடித்துவிட்டேன். கும்பகோணத்து அச்சகத்தில் வெள்ளிக்கிழமை மாலைக்குள் கேட்கிறார்கள். ‘பேனல்’ மட்டும் அறுபது இடங்களுக்கு மேல் வருகிறது. அதற்கு ஒரு நல்ல சொல் வேண்டும்.

முதல் வரைவில் ‘ஒலித்தடுப்புப் பலகை’ என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த மாணவன் ஒருவன், “டீச்சர், இதை மாட்டிவிட்டால் மாரியம்மன் கோயில் ரேடியோ செட்டு கேட்காதா?” என்றான். கேட்கத்தான் செய்யும். வெளியிலிருந்து வரும் ஒலியைத் தடுக்கக் கனமான சுவரும் சந்து இல்லாத கதவும் வேண்டும். பேனல் அந்த வேலையைச் செய்வதில்லை. அறைக்குள் எழுந்த ஒலி சுவருக்குச் சுவர் மோதித் திரும்பிக்கொண்டே இருப்பதைக் குறைப்பது மட்டுமே அதன் தொழில். பேனலுக்குள் வைக்கும் பஞ்சின் நுண்துளைகளுக்குள் காற்று முன்னும் பின்னும் அசையும்போது உராய்வினால் ஒலியாற்றல் வெப்பமாகிவிடுகிறது. ஆகவே ‘தடுப்பு’ பொய் சொல்லும் சொல்.

எங்கள் மாதிரி அறை 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். சுவரில் சிமெண்டுப் பூச்சு, தரையில் டைல்ஸ். கன அளவு ஏறத்தாழ 34 கன மீட்டர், சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்த பரப்பு 63 சதுர மீட்டர். உட்கவர் எண்ணை, அதாவது மேலே படும் ஒலியில் எத்தனை பங்கைப் பரப்பு விழுங்கிவிடுகிறது என்பதை, சராசரியாக 0.03 என்று கொண்டால், ஒலியியல் அறிஞர் சபைனின் வாய்பாட்டின்படி எதிர்முழக்க நேரம் (ஒலி நின்ற பிறகும் அதன் முழக்கம் அறைக்குள் அடங்க ஆகும் நேரம்) 2.9 நொடி ஆகிறது. பேசினால் சொல்லின் மேல் சொல் விழும். நாலுக்கு இரண்டு அடியில் எட்டுப் பேனல்களை மாட்டி, அவற்றின் உட்கவர் எண்ணை 0.9 என்று வைத்துக்கொண்டால் அது 0.8 நொடிக்கு இறங்கிவிடுகிறது. இந்த வேலையைச் சொல்லும் பெயர்தான் வேண்டும்.

கும்பகோணத்திலிருந்து, செவ்வாய் காலை

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். ‘பலகை’யையும் சேர்த்தே விட்டுவிடுங்கள், அம்மா. பலகை என்றால் மரம்.

இதற்குச் சொல் ஆக்க வேண்டிய தேவையே இல்லை. இளங்கோவடிகள் எப்போதோ கொடுத்துவிட்டார். அரங்கேற்று காதையில் ‘எழுகோல் அகலத்து எண்கோல் நீளத்து ஒருகோல் உயரத்து’ என்று மேடைக்கு அளவு கூறி, அளக்கும் கோலுக்கு இருபத்து நான்கு விரல் என்று அலகும் கூறி, அதற்குப் பிறகு ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்று திரைகளை வகுக்கிறார். ஒன்று ஒரு பக்கத்திலிருந்து இழுப்பது, ஒன்று இரு பக்கத்திலிருந்தும் வந்து பொருந்துவது, மூன்றாவது மேலிருந்து இறங்குவது. துணியால் ஆனது, அரங்கைச் சேர்ந்தது, வகைப்படுத்தப்பட்டது, வேறென்ன வேண்டும்? ‘ஒலியெழினி’ என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரையில் தொங்கவிடுவதற்குக் ‘கரந்துவரல் ஒலியெழினி’ என்ற பெயரும் ஆயத்தமாக இருக்கிறது.

எழினி என்பதற்கு எழு என்பதே வேர் என்பது என் கருத்து. திரையைக் குறிக்கும் வடமொழி யவனிகையை யவனரோடு, அதாவது கிரேக்கரோடு, முடிச்சுப் போடுவோர் இருக்கிறார்கள்; அச்சொல்லே நம் எழினியின் திரிபாக இருக்கலாம் என்று நான் நீண்ட காலமாகச் சொல்லிவருகிறேன். அதைத் தனி மடலில் விரித்து எழுதுகிறேன்.

மயிலாடுதுறையிலிருந்து, செவ்வாய் மதியம்

ஐயா விரித்து எழுதுவதற்குள் ரேக்கைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் தமிழ் படித்தவன் அல்லன், மைக் செட் வைத்துப் பிழைப்பவன்.

கையேட்டில் ‘19 அங்குல ரேக்’ என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடாதீர்கள், அம்மா. 19 அங்குலம், அதாவது 482.6 மி.மீ., என்பது கருவியின் முகப்புத் தகட்டின் அகலம். இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகளையும் சேர்த்த அளவு. கருவியின் உடல் நுழையும் வாய் ஏறத்தாழ 450 மி.மீ. இருந்தால் போதும். இது தெரியாமல் நான் முதல் ரேக் செய்தபோது ஆசாரியிடம் 19 அங்குலம் என்று சொல்லிவிட்டேன். அவர் உள்வாயை நூல் பிசகாமல் 19 அங்குலத்துக்கே வைத்துக் கொடுத்தார். ஆம்ப்ளிஃபையரை ஏற்றினால் காதைத் தாங்க மரமே இல்லை. அது பாட்டுக்குப் பெட்டிக்குள் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. பிறகு இரு பக்கமும் 16 மி.மீ. கனத்தில் ரீப்பர் அடித்துச் சரிசெய்தோம். பிழை ஆசாரியுடையது அன்று, பெயருடையது.

‘யு’ என்பதையும் விளக்குங்கள். ஒரு யு ஒன்றேமுக்கால் அங்குலம், 44.45 மி.மீ.; இரண்டு யு என்றால் மூன்றரை அங்குலம். ஆம்ப்ளிஃபையருக்கு மேலே ஒரு யு இடத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள். நம் ஊரில் மாசி மாதத்திலேயே சுடுகிறது.

திருவையாற்றிலிருந்து, செவ்வாய் இரவு

வீணை சொல்லிக்கொடுக்கும் அறையில் நான் சென்ற ஆண்டு ஆறு பேனல்கள் செய்து மாட்டினேன். இரண்டங்குல ரீப்பரில் சட்டம், உள்ளே 50 மி.மீ. ராக்வூல், முகத்தில் காடாத் துணி, சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டங்குல இடைவெளி. அந்த இடைவெளியைக் கருமித்தனத்தால் விடாமல் இருந்துவிடக் கூடாது; காசு செலவில்லாமல் கீழ்ச்சுருதிகளில் கூடுதலாக வேலை செய்வது அதுதான்.

முதல் பேனலில் நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். துடைக்க வசதியாக இருக்குமே என்று துணிக்குப் பதில் ரெக்ஸினைப் போர்த்தினேன். அறை நடுவில் நின்று கை தட்டினால் முன்பிருந்த அதே ‘டிர்ர்’ அப்படியே கேட்டது. ரெக்ஸினைக் கிழித்துவிட்டுக் காடாத் துணி போர்த்திய பிறகுதான் அது போயிற்று. துணியில் வாயை வைத்து ஊதினால் மறுபக்கம் வைத்த கையில் காற்றுப் பட வேண்டும்; அதுவே தேர்வு. இப்போது ஒரு தந்தியை மீட்டிவிட்டுக் காத்திருந்தால் தந்தியின் கார்வை மட்டும் கேட்கிறது, சுவரின் கார்வை கேட்பதில்லை. எதிர்முழக்கத்துக்கு ‘அறைக்கார்வை’ என்று சொல்லலாகாதா?

சொல்லுக்கு வருகிறேன். படம் வரைந்து ஆசாரியிடம் காட்டியபோது அவர் ஒரு நொடி பார்த்துவிட்டு, “தட்டிதானேங்க, உள்ளே பஞ்சு வைக்கணும், அவ்வளவுதானே?” என்றார். எனக்கு அதற்குமேல் தேடத் தோன்றவில்லை. கீற்றுத் தட்டி, மூங்கில் தட்டி, வெட்டிவேர்த் தட்டி எல்லாம் நாம் அறிந்தவை. பலகை காற்றை மறிக்கும், தட்டி காற்றை விடும். ‘ஒலித்தட்டி’ என்று பெயர் வைத்தால் அதன் மேல் ரெக்ஸின் போர்த்த எவனுக்கும் கை வராது.

நாகப்பட்டினத்திலிருந்து, புதன் காலை

ஒலியை விழுங்குவதைத் தமிழகப் பாடநூல்களில் ‘உட்கவர்தல்’ என்கிறார்கள். நான் படித்த யாழ்ப்பாணத்தில் ‘அகத்துறிஞ்சல்’ என்போம். இரண்டில் எதை எடுத்தாலும் மற்றதை ஒருமுறையாவது குறிப்பிட்டால் எங்கள் பிள்ளைகளுக்கும் கையேடு பயன்படும்.

சொல்லைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. வரைவின் ஏழாம் பக்கத்தில் ராக்வூலைக் ‘கல்நார்ப் பஞ்சு’ என்று எழுதியிருக்கிறீர்கள். கல்நார் ஆஸ்பெஸ்டாஸ், நுரையீரலைக் கெடுப்பது. ராக்வூல் பாறையை உருக்கி இழையாக்கிய வேறு பொருள். அதை வெட்டும்போதும் கையுறை, முகக்கவசம் இரண்டும் வேண்டும், இல்லாவிட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சொல்லை நம்பி ஒரு மாணவன் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் துண்டை எடுத்து உடைத்தால் என்ன ஆவது? ‘பாறைப்பஞ்சு’ என்று மாற்றிவிடுங்கள்.

மன்னார்குடியிலிருந்து, புதன் காலை

மாற்றிவிட்டேன். மிக்க நன்றி. அதை எழுதியபோது எனக்கு ஒரு கணமும் தோன்றவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் பதைக்கிறது.

வீணை ஆசிரியர் ஐயாவின் ‘அறைக்கார்வை’ அழகாக இருக்கிறது. ஆனால் பாடநூலில் ‘எதிர்முழக்கம்’ என்று இருக்கிறது. தேர்வில் மாணவர்கள் அதைத்தான் எழுத வேண்டும். எடுக்க இயலாது.

கும்பகோணத்திலிருந்து, புதன் மாலை

‘தட்டி’யை நான் ஏற்பதற்கில்லை. வெட்டிவேர்த் தட்டி துரைமார் வீட்டுச் சன்னலில் தொங்கியது. அவர்கள் அதை இந்துஸ்தானியிலிருந்து எடுத்தார்கள். அதே சொல் வடக்கே கழிப்பறையையும் குறிக்கும். இங்கேயோ தட்டி என்றால் இன்று தேர்தல் விளம்பரத் தட்டி. இவற்றையெல்லாம் சுமந்துகொண்டு ஒரு கலைச்சொல் நடக்குமா?

எழினி கடினம் என்று நினைத்தால் இன்னொன்று தருகிறேன். சபைன் ஹார்வர்டில் 1895இல் தம் ஆய்வைத் தொடங்கியபோது, திறந்த சன்னலையே முழு உட்கவர்தலுக்கு அளவாகக் கொண்டார் என்று படித்திருக்கிறேன். அதன் வழியே வெளியேறிய ஒலி திரும்பி வராது அல்லவா? அப்படியானால் நம் பேனல் சுவரில் திறந்த சன்னலே. சன்னல் போர்த்துகீசியம், சிலம்பில் ‘மான்கண் காலதர் மாளிகை’ என்று வருகிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஆகவே ‘ஒலியதர்’. போன ஒலி மீளாத வழி! இதைவிடப் பொருத்தமான சொல்லை இந்தக் குழு இதுவரை கண்டதில்லை என்று துணிந்து சொல்வேன்.

பட்டுக்கோட்டையிலிருந்து, புதன் இரவு

ஐயா, ‘ஒலியதர்’ மிக நேர்த்தியான சொல் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதர் என்றால் என்னவென்று ஒவ்வொரு பட்டறையிலும் முதல் அரை மணி நேரம் பாடம் எடுக்க வேண்டும்.

தட்டி வடக்கிலிருந்து வந்தது என்பதையும் ஏற்க இயலவில்லை. மலையாளத்தில் தட்டி, கன்னடத்தில் தட்டி, தெலுங்கில் தடிக என்று தென்மொழிகளில் எங்கும் இருக்கும் சொல் அது. யார் யாரிடம் பெற்றார்கள் என்பதை யவனிகையோடு சேர்த்துத் தனி மடலில் வைத்துக்கொள்வோம். எனக்குத் தெரிந்த தட்டி வேறு. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தென்னைகளைச் சாய்த்துப் போட்ட பிறகு, ஓடு பறந்த வீட்டில் பல வாரங்கள் கீற்றுத் தட்டிதான் எங்களுக்குச் சுவர். அதற்குள் இருந்து பேசினால் குரல் எதிரொலிக்காது. பக்கத்து வீட்டுப் பேச்சோ ஒரு சொல் விடாமல் கேட்கும். ஆசிரியை சொல்லும் வேறுபாடு முழுவதும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

பாறைப்பஞ்சு கிடைக்காத ஊரில் தென்னைநார் விரிப்புகளை அடுக்கியும் செய்யலாம். தடிமன் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முட்டை அட்டையை ஒட்டுவது மட்டும் வேண்டாம். அது மெல்லிய காகிதம், கீழ்ச்சுருதிக்கு அது ஒன்றுமே செய்வதில்லை.

மயிலாடுதுறையிலிருந்து, வியாழன் காலை

எனக்கும் தட்டியே சரி. கீழ்ச்சுருதியைப் பிடிக்க மூலையில் வைக்கிறார்களே, ‘பாஸ் டிராப்’, அதற்கு என்ன சொல்வது? 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்று மீட்டருக்கு மேல். அதில் கால் பங்கே 85 செ.மீ. வந்துவிடும். இரண்டங்குலத் தட்டி அதைப் பிடிக்காது, கனமாகச் செய்து மூலையில் வைக்க வேண்டும். பெயரும் வேறாக இருந்தால் நல்லது.

கும்பகோணத்திலிருந்து, வியாழன் காலை

மந்தர தாயிக்கு, அதாவது இசையில் கீழ்ச்சுருதி நிலைக்கு, தமிழில் மெலிவு என்று பெயர். வலிவு, சமன், மெலிவு. ஆகவே ‘மெலிவுப் பொறி’.

திருவையாற்றிலிருந்து, வியாழன் மதியம்

ஐயா, இருப்பதிலேயே தடித்த தட்டிக்கு மெலிவு என்று பெயரிட்டால் மாணவர்கள் மெல்லியதாகச் செய்துவிடுவார்கள். ‘மந்தரப் பொறி’ என்றாலோ அச்சில் மந்திரப் பொறி ஆகிவிடும். ‘மூலைத் தட்டி’ என்று வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

மன்னார்குடியிலிருந்து, வெள்ளி மதியம்

இனிக் காத்திருக்க நேரமில்லை. ஆதரித்து எழுதியவர்களை எண்ணிப் பார்த்து ‘ஒலித்தட்டி’, ‘மூலைத் தட்டி’, ‘பாறைப்பஞ்சு’ ஆகியவற்றை இட்டுவிட்டேன். ரேக்குக்கு ‘அடுக்குச் சட்டம்’. யு, யு ஆகவே நிற்கிறது. ‘காதளவு 19 அங்குலம், வாயளவு 450 மி.மீ.’ என்று படத்தின் கீழ் எழுதியிருக்கிறேன். ஒலியைச் சிதறடிக்கும் ‘டிஃப்யூசர்’ பற்றிய இரண்டு பக்கங்களைச் சொல் கிடைக்காததால் எடுத்துவிட்டேன். ஐயாவின் ‘ஒலியதர்’ முன்னுரையில் ஒரு வரியில் இடம்பெறுகிறது.

கும்பகோணத்திலிருந்து, சனி காலை

முன்னுரையில் ஒரு வரி என்பது ஆறுதல் பரிசு என்பது எனக்குப் புரிகிறது, அம்மா. என் மறுப்பு அப்படியே நிற்கிறது.

அச்சகம் என் தெருவிலேயே இருப்பதால் நேற்றிரவு மெய்ப்பைப் பார்த்தேன். 5, 9, 14, 21 ஆகிய நான்கு பக்கங்களில் ‘ஒலிதட்டி’ என்று தகர ஒற்று விடுபட்டு நிற்கிறது. ‘ஒலித்தட்டி’ என்றால் ஒலிக்கு உரிய தட்டி. ஒற்று இல்லாவிட்டால் ‘ஒலிகடல்’ போல வினைத்தொகையாகி, ஒலிக்கின்ற தட்டி என்று பொருள்படும். நீங்கள் ஐந்து நாளாகத் தேடியதற்கு நேர் எதிர். ‘ஒலியதர்’ என்று வைத்திருந்தால் உயிரெழுத்து வந்து சேர்ந்திருக்கும், இந்தச் சிக்கலே எழுந்திராது. நான்கு இடங்களையும் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை அச்சேறும் என்கிறார்கள். ஐந்தாவதாக ஒன்று என் கண்ணில் படாமல் இருக்கலாம். நீங்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.