கப்போர்டுல ஈர வாடை, பட்டுப்புடவை பூத்துப் போச்சு, இடமும் பத்தல... யாராச்சும் வழி சொல்லுங்க

மூணாவதுமாடி:
சென்னையில ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட், மாமனார் மாமியாரோட சேத்து ஆறு பேர். இருக்கறது சுவத்துலயே கட்டுன கடப்பாக்கல் கப்போர்டு ரெண்டு, ஒரு ஸ்டீல் பீரோ, மேல லாஃப்ட், அவ்ளோதான். ஒரு கப்போர்டுல கீழ் ரெண்டு தட்டுல எத வச்சாலும் ஒரே மாசத்துல வாடை அடிக்குது, போன வாரம் ஒரு விசேஷத்துக்குக் கட்டலாம்னு என் முகூர்த்தப் புடவைய எடுத்தா மடிப்புல வெள்ளை வெள்ளையா பூத்திருக்கு, ஒரு பக்கம் ஜரிகை வேற கறுத்துப் போச்சு. பிளாஸ்டிக் கவர்ல போட்டு அந்து உருண்டையும் நிறைய வச்சுதான் வச்சிருந்தேன். இப்ப கீழ காலியா விட்டுட்டு எல்லாத்தையும் மேல் தட்டுல அடைச்சிருக்கோம், கதவ முட்டி குடுத்துதான் சாத்தணும். இன்னொரு பீரோ வாங்கலாம்ங்கறார் வீட்டுக்காரர், எங்க வைக்கறதுன்னு கேட்டா பதில் இல்ல.

பட்டுப்பைத்தியம்:
அய்யோ அக்கா, அந்து உருண்டை ஜரிகை மேல படவே கூடாது, பிளாஸ்டிக் கவரும் வேணாம், ஈரம் உள்ளயே நிக்கும். பழைய பருத்தி வேட்டில சுத்தி, பக்கத்துல வசம்பு ரெண்டு துண்டு துணில முடிஞ்சு போடுங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா மடிப்ப மாத்தி மடிங்க, இல்லன்னா மடிச்ச எடத்துலயே இத்துப் போயிரும். பூத்தத நிழல்ல ஆறப் போட்டு, மெத்துன்னு ஒரு பிரஷ்ஷால தட்டி விட்டு ட்ரை வாஷ்க்கு குடுங்க.

கொத்தனார்மகன்:
புடவை இருக்கட்டும். அந்தக் கப்போர்டுக்கு பின்னாடி என்ன இருக்கு, பாத்ரூமா?

மூணாவதுமாடி:
ஆமா தம்பி, ஷவர் இருக்கற சுவர்தான்! எப்படி கரெக்ட்டா சொன்னீங்க?

கொத்தனார்மகன்:
கீழ் தட்டு மட்டும்னு சொன்னீங்கல்ல. உள்ள பின்சுவத்துல ஒரு அடிக்கு ஒரு அடி அலுமினியம் ஃபாயில் ஒட்டுங்க, நாலு ஓரமும் டேப்பு போட்டு ரெண்டு நாள் விட்டுட்டு உரிச்சுப் பாருங்க. சுவத்துப் பக்கம் நனைஞ்சிருந்தா கசிவு, வெளிப்பக்கம் வேர்த்திருந்தா காத்துல இருக்கற ஈரம். அது தெரியாம பீரோ வாங்காதீங்க, அதே சுவத்துல ஒட்டிப் போட்டா அதுவும் துருதான் பிடிக்கும்.

கொலுப்படி:
லாஃப்ட்ட ஒருநாள் மொத்தமா எறக்குங்க சிஸ். எங்க வீட்ல எறக்குனா, தூக்கிப் போட்ட கிரைண்டரோட பெட்டி பத்திரமா இருக்கு!! வாரண்டிக்கு பில்லும் கார்டும் இருந்தா போதும், பெட்டிய யாரும் கேக்கப் போறதில்ல. வருஷத்துக்கு ஒருக்கா எடுக்கற கொலு பொம்மை பின்னாடி, சூட்கேஸ் முன்னாடி. பித்தளை அண்டாவ மட்டும் மேல ஏத்தாதீங்க, எறக்கறப்ப இடுப்பு போயிரும்.

மூணாவதுமாடி:
ஃபாயில உரிச்சா சுவத்துப் பக்கம் தண்ணி முத்து முத்தா நிக்குது. பிளம்பர் வந்து பாத்தார், ஷவருக்கு கீழ டைல்ஸ் இடுக்குல வச்ச சிமெண்ட் பூரா உதிர்ந்து போயிருக்காம், நாளைக்கு எபாக்ஸி கிரவுட் போடறார். லாஃப்ட்லேர்ந்து ஒம்பது காலி அட்டைப்பெட்டி எறங்குச்சு, ஆறு போயாச்சு. மூணு மாமியாரோடது, பேச்சே எடுக்க முடியல.

கொத்தனார்மகன்:
சூப்பர்க்கா. கிரவுட் போட்டதும் அவசரப்பட்டு பெயிண்ட் அடிச்சு மூடிராதீங்க, கதவத் தொறந்து போட்டு நல்லா காயட்டும், திரும்ப ஒரு ஃபாயில் ஒட்டிப் பாத்துட்டு அப்புறம் அடுக்குங்க.

மூணாவதுமாடி:
சரி தம்பி. அந்த மூணு பெட்டியத் தொறந்து பாத்தேன், மூணுலயும் உள்ள இன்னும் சின்ன சின்ன பெட்டி 😭