கல் போன இடம்

ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த இரண்டு வருடமும் ஹெடிங்டன் எனக்குப் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற மேட்டுப் பகுதி, அவ்வளவுதான். அது ஒரு காலத்தில் தனி ஊர் என்று தோன்றியதே இல்லை.

நார்னியா கதைகள் எழுதிய சி. எஸ். லூயிஸின் கல்லறையைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெடிங்டன் குவாரிப் பக்கம் நடந்தேன். தெருக்கள் வளைந்து வளைந்து போயின. சில வீடுகள் தெருவை விட்டு நன்றாகக் கீழே, பள்ளத்துக்குள் இருந்தன. நான் நின்று எட்டிப் பார்ப்பதைக் கண்டு, தோட்டத்தில் வேலையாக இருந்த ஒரு பாட்டி பேச்சுக் கொடுத்தார்.

"இதெல்லாம் கல் வெட்டின குழி. கல்லெல்லாம் காலேஜ் கட்டப் போய்விட்டது. நாங்கள் குழிக்குள் வீடு கட்டிக்கொண்டோம்."

1396-இல் நியூ காலேஜ் மணிக்கோபுரத்துக்கே இங்கிருந்துதான் கல் போயிருக்கிறது. அப்புறம் பல நூறு வருடங்கள் வண்டி வண்டியாக இறங்கியது. கல் வெட்டிய ஊரே செங்கல்லும் சுட்டது. 1929-இல்தான் ஹெடிங்டன் ஆக்ஸ்ஃபோர்டு நகரத்தோடு சேர்ந்தது. சேர்ந்து பல வருடம் ஆன பிறகும் பாட்டியின் அம்மா கடைக்குக் கிளம்பினால் "ஆக்ஸ்ஃபோர்டு போய்விட்டு வருகிறேன்" என்றுதான் சொல்வாராம்.

"அப்படியானால் அந்தச் சுவர்களெல்லாம் உங்கள் ஊர்க் கல்லா?" என்று ஆசையாகக் கேட்டேன். இல்லை என்று பாட்டி தலையாட்டினார். வெட்டும்போது இளகலாக, செதுக்க வசதியாக இருந்த கல், நிலக்கரிப் புகையில் கறுத்து, கொப்புளம் கொப்புளமாக உரிந்துவிட்டது. 1957-இல் நிதி திரட்டத் தொடங்கி, கல்லூரி கல்லூரியாக முகப்பை வேறு ஊர்க் கல்லால் மாற்றிவிட்டார்கள். ஐந்நூறு வருட உழைப்பு இப்படி உதிர்ந்துபோனதைக் கேட்க எனக்கு மனசு கனத்தது.

"ஆனால் இங்கே கெட்டிக் கல்லும் உண்டு. அதை அடிவரிசைக்கு வைத்தார்கள். மேலே பார்க்காமல் தரையோரம் பாருங்கள்" என்றார்.

மறுநாள் வேலை முடிந்து ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு கல்லூரிச் சுவரோரம் குந்தி உட்கார்ந்தேன். மேலே மழமழவென்று வெளிர்மஞ்சள் கல். கீழே இரண்டு வரிசை மட்டும் சாம்பல் நிறத்தில், சொரசொரவென்று, அசையாமல் இருந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், சில்லென்றிருந்தது.

லூயிஸ் கல்லறைக்கு அடுத்த வாரம்தான் போனேன்.