புதுப்பிப்பு: காங்கேயம் புழுதிக்கு எந்த ஏர் ஃபில்டர்?
இட்டேரியிலும் (வேலிக்கு நடுவுல போற மண் பாதை) கல்லுக்குழிப் பாதையிலும் ஓடுற டீசல் ஜீப்புக்கு எண்ணெய் தடவின காட்டன் ஃபில்டர் போடலாம்னு முன்னே எழுதியிருந்தேனுங்க. திருத்திக்கிறேன்: பேப்பர் ஃபில்டரே போடுங்க. காங்கேயம், தாராபுரம் பக்கத்துச் செம்மண் புழுதியும் கிரஷர் தூளும் மாவாட்டம்; அந்த நுண்தூசியைப் பேப்பர்தான் நல்லாப் பிடிக்கும். காட்டன்ல எண்ணெய் குறைஞ்சா தூசி உள்ளே போகும், கூடினா ஏர்ஃப்ளோ சென்சார்ல (இன்ஜினுக்குள்ள போற காத்தை அளக்குறது) படிஞ்சு பிக்கப் விழும்.

அதைவிட முக்கியம் சீல், அதாவது ஃபில்டர் சந்தில்லாம இறுக்கமா உட்கார்றது. ஃபில்டருக்குப் பின்னாடி டர்போவுக்கு (இன்ஜினுக்குள்ள காத்தை அழுத்தி அனுப்புறது) போற குழாயின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால துடைச்சுப் பாருங்க. செம்மண் ஒட்டினா, ரப்பர் விளிம்போ மூடிக் கிளிப்போ சரியா உட்காரலை. அதைச் சரிபண்ணாம எந்த ஃபில்டர் வாங்கினாலும் காசு வீண்.

பேப்பர் ஃபில்டரைச் சுத்தம் பண்ணக் காத்தடிச்சே ஆகணும்னா குறைஞ்ச அழுத்தத்துல, உள்ளிருந்து வெளியே மட்டும். டயருக்கு அடிக்கிறாப்ல அடிச்சா பேப்பர் கண்ணுக்குத் தெரியாமக் கிழியும். ஓடையில நனைஞ்ச ஃபில்டரைக் காயவெச்சுப் போடாதீங்க, மாத்திடுங்க.