பிஸ்டல் ரீலோட்: பெருவிரலா, முழுக் கையா?

கரிசல்காட்டான்:
புதுசாகத் துப்பாக்கி வாங்கியவருக்கு அண்ணாச்சி கொடுத்த அறிவுரையைப் பார்த்தீர்களா? மேகசின் (தோட்டா அடுக்கிய பெட்டி) காலியாகி ஸ்லைடு (பிஸ்டலின் நகரும் மேல்பாகம்) பின்னால் நின்றால், புதுசைச் சொருகிவிட்டு ஸ்லைடை மேலிருந்து முழுக் கையால் பிடித்து இழுத்து விட வேண்டுமாம். ஸ்லைடை முன்னால் விடும் லீவரைப் பெருவிரலால் அமுக்கவே கூடாதாம். உயிர்பயத்தில் விரலின் நுணுக்க வேலை ஓடாதாம். சரி, அதே பயத்தில் காலி மேகசினைக் கழற்றும் பொத்தானை அமுக்குவது எது? முழங்கையா?

ஆஸ்டின் அண்ணாச்சி:
நக்கல் நன்றாக வருகிறது. கை நடுங்கும்போது அந்தச் சின்னத் தகடு அகப்படாது. கையால் இழுத்து விட்டால் ஸ்பிரிங் முழுதாக அமுங்கி, தோட்டா அழுத்தமாகச் சேம்பருக்குள் (குழலின் பின்பக்க அறை) போகும். எந்த பிஸ்டல் கிடைத்தாலும் இந்த ஒரே பழக்கம் போதும். தம்பி டெக்சாஸில் கால் வைக்கும் முன்பே நான் இதைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கரிசல்காட்டான்:
பொத்தானை எது அமுக்குகிறது?

பீச்சாங்கை:
என் மாதிரி ஆட்களை யார் நினைக்கிறார்கள்! க்ளாக் 19 பிஸ்டலின் நாலாம் தலைமுறை மாடலில் லீவர் இடப்பக்கம் மட்டும்தான். 2017-இல் ஐந்தாம் தலைமுறை வந்த பிறகுதான் இரண்டு பக்கமும். என்னிடம் பழசு. ஆட்காட்டி விரலாலேயே லீவரை அமுக்கிவிடுகிறேன். இன்னொரு கை பிடியை விட்டு மேலே போய்த் திரும்பி வரும் வேலையே இல்லை.

பெரட்டா பிரியன்:
எந்த பிஸ்டலுக்கும் போதுமா? பெரட்டா 92எஃப்எஸ்-இல் சேஃப்டி (சுடாமல் தடுக்கும் விசை) ஸ்லைடிலேயே இருக்கிறது. மேலிருந்து கப்பென்று பிடித்து இழுத்தால் கை பட்டு அது கீழே இறங்கிவிடும். அப்புறம் ட்ரிகரை எவ்வளவு அமுக்கினாலும் வெடிக்காது. 1985-இல் அமெரிக்க ராணுவம் எடுத்த பிஸ்டல் ஐயா இது!

ஆஸ்டின் அண்ணாச்சி:
இன்னமும் பெரட்டாவைச் சுமப்பது உங்கள் தலையெழுத்து. ரூகர் எல்சிபி என்கிற குட்டி பிஸ்டலின் முதல் மாடலில் கடைசித் தோட்டா போனாலும் ஸ்லைடு பின்னால் நிற்காது. அங்கே உங்கள் பெருவிரல் என்ன கிழிக்கும்? ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் களம்) பழகியதுதான் சண்டையில் வரும். 1970 ஏப்ரலில் கலிஃபோர்னியா நியூஹாலில் நெடுஞ்சாலைப் போலீஸார் நாலு பேர் செத்தார்களே, அதில் ஒருவரின் பையில் சுட்ட தோட்டாக்களின் காலி உறைகள் இருந்தன. ரேஞ்சில் பொறுக்கிப் பழகிய கை, சண்டையிலும் பொறுக்கியது.

கரிசல்காட்டான்:
பையில் உறை இருந்தது வெறும் கட்டுக்கதை. உறைகள் தரையில் கிடந்தன. காயம்பட்ட அந்த மனிதர் ரிவால்வரில் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் போட்டு முடிக்கும் நேரத்தில் கிட்டே வந்து சுட்டுவிட்டார்கள். அதற்கப்புறம்தான் அந்தத் துறைக்கு, தோட்டாக்களை ஒரே நேரத்தில் மொத்தமாகப் போடும் ஸ்பீட்லோடர் வந்தது. அண்ணாச்சி, அவ்வளவு குண்டுமழையில் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் போட்டது எது? விரல்தானே?

ஆஸ்டின் அண்ணாச்சி:
செத்தவரை வைத்து மார்க் வாங்குகிறீர்கள். பை விஷயத்தை எனக்குச் சொன்னவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். உங்களுக்கு யூடியூப். மறுபடி சொல்கிறேன்: முழுக் கை, மேலிருந்து, இழுத்து விடு. லீவரை அமுக்குவதெல்லாம் போட்டியில் கப் வாங்குகிறவர்களுக்கு. அங்கே யாரும் திருப்பிச் சுடுவதில்லை.

பீச்சாங்கை:
அப்படியானால் நான் பழசை விற்றுவிட்டு ஐந்தாம் தலைமுறை வாங்கலாமா?

ஆஸ்டின் அண்ணாச்சி:
முழுக் கையால் இழுத்தால் எந்தத் தலைமுறையும் ஒன்றுதான். மேலே எழுதியதைப் படிக்கிற பழக்கமே இல்லையா?

பெரட்டா பிரியன்:
படித்தோம். என் சேஃப்டிக்குத்தான் பதிலைக் காணோம். போகட்டும், போன தீபாவளிக்குக் கூட்டாக வாங்கிய 9எம்எம் தோட்டாப் பெட்டிகளின் கணக்குக்காவது பதில் உண்டா?

ஆஸ்டின் அண்ணாச்சி:
அன்றைக்கே எல்லார் முன்னாலும் கணக்கு சொன்னேன். நீங்கள்தான் பிரியாணி வந்ததும் எழுந்து போனீர்கள்.

பெரட்டா பிரியன்:
பிரியாணிக்குப் பணம் கொடுத்ததும் நான்தான்.