சாரணியர் படைக்கு அறக்கட்டளை உதவி: வாங்கலாமா, வேண்டாமா?

காவிரிக்கரை டீச்சர் கேட்கிறார்:

வணக்கம். தஞ்சாவூர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். போன வருடம் கைடு கேப்டன் (படையை நடத்தும் ஆசிரியை) அடிப்படைப் பயிற்சியை முடித்துவிட்டு வந்து சாரணியர் படை, அதாவது மாணவிகளுக்கான ஸ்கவுட் படை, ஆரம்பித்தேன். 24 பிள்ளைகள், மூன்று அணி. பிரவேஷ் என்ற நுழைவு நிலையை முடித்து, அடுத்த படியான பிரதம சோபானுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறார்கள். பாதிப் பேருக்குச் சீருடை இல்லை, பெற்றோர் பெரும்பாலும் வயல் வேலைக்குப் போகிறவர்கள், கேட்கவே மனசு வரவில்லை.

இந்த நிலையில் பக்கத்து டவுனில் உள்ள ஓர் அறக்கட்டளை தானாக முன்வந்தது. எல்லாருக்கும் சீருடை, நான்கு டென்ட், வருடத்துக்கு ஒரு முகாம் செலவு. பதிலுக்கு வருடத்தில் ஆறு முறை அவர்கள் நடத்தும் சேவை நிகழ்ச்சிக்குப் பிள்ளைகள் சீருடையில் வர வேண்டும். முதல் நிகழ்ச்சி மரக்கன்று நடுவது. சிறப்பு விருந்தினர் வரும்வரை இரண்டு மணி நேரம் பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள். அப்புறம் போட்டோ, பேனர், பிஸ்கட் பாக்கெட். திரும்பி வரும்போது ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "டீச்சர், நாளைக்கு இதுக்கெல்லாம் யாரு தண்ணி ஊத்துவா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. மூன்று வாரமாக அந்தக் கேள்விதான் மனதில் ஓடுகிறது.

தலைமை ஆசிரியர் "கிடைக்கிறதை விடாதீங்கம்மா" என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், இந்த உதவியை ஏற்கலாமா, எந்த நிபந்தனையோடு?

திருச்சி பழைய சாரணன்:

டீச்சர், மறுக்காதீர்கள். ஆனால் ஒப்பந்தத்தை நீங்கள் எழுதுங்கள், அவர்கள் எழுத விடாதீர்கள். 27 வருடம் சாரண ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

எங்கள் படைக்கும் உள்ளூர்ச் சேவைச் சங்கம் ஒன்று கை கொடுத்தது. ஆரம்பத்தில் உங்களுக்கு நடந்த அதே கதைதான். ஒருநாள் அவர்களிடமே உட்கார்ந்து கேட்டேன், நீங்கள் ஏற்கெனவே செய்கிற வேலை என்ன என்று. கண் சிகிச்சை முகாம் என்றார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மாதிரி இடங்கள் கிராம முகாம்களை உள்ளூர் அமைப்புகளோடு சேர்ந்து நடத்துவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். முகாமுக்கு முன்னாலும் பின்னாலும் நிறைய வேலை இருக்கிறது, அதற்கு ஆள்தான் இல்லை. சரி, அதை எங்கள் பையன்களிடம் கொடுங்கள் என்றேன்.

அணி அணியாகத் தெருவைப் பிரித்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். பார்வை மங்கிய பெரியவர்கள் யார், துணைக்கு ஆள் இருக்கிறதா, அறுவை சிகிச்சைக்குப் பயப்படுகிறார்களா என்று நோட்டில் எழுதினார்கள். முகாம் அன்று கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். கண்புரை அறுவை முடிந்து வந்தவர்களுக்குச் சொட்டு மருந்து போட வீட்டில் ஆள் இல்லையென்றால், செவிலியர் சொல்லிக் கொடுத்தபடி பள்ளிக்கு வரும்போது ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை இவர்களே போய்ப் போட்டுவிட்டார்கள். நான்கைந்து வாரம் விடாமல். அணித் தலைவன் ஒருத்தன் அதுவரை வகுப்பில் வாயே திறக்காதவன். அவன் ஒரு பாட்டியின் மகனிடம் போய், "நீங்க ராத்திரி சொட்டு மருந்து போட மறந்துடுறீங்க மாமா" என்று நேருக்கு நேர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

அதனால் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். என்ன சேவை என்பதைக் கோர்ட் ஆஃப் ஆனரில், அதாவது அணித் தலைவிகள் கூடும் கூட்டத்தில், அவர்களே முடிவு செய்வார்கள். ஆறு நிகழ்ச்சிக்குப் பதிலாக ஒரே வேலை, வருடம் முழுக்க. பணம் உங்கள் கைக்கு வரவே கூடாது, பள்ளி மேலாண்மைக் குழு வழியாக வரட்டும். அரசே 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளித் திட்டத்திலும் நன்கொடை தர வழி இருக்கிறது.

இன்னொன்று. 2025 ஜனவரி கடைசியில் மணப்பாறையில் நடந்த சாரணர் வைரவிழா பெருந்திரளணிக்கு (சாரணர், சாரணியர் ஆயிரக்கணக்கில் கூடும் முகாம்) போயிருந்தேன். அத்தனை ஆயிரம் பிள்ளைகளைப் பார்த்தபோது, இவர்கள் ஊர் திரும்பியதும் செய்வதற்கு உருப்படியாக ஒரு வேலை காத்திருக்க வேண்டுமே என்றுதான் நினைத்தேன்.

வேலை வாரம் (யாழ்ப்பாணம்):

எங்கட பக்கத்து முறையையும் சொல்கிறேன், உதவக்கூடும். இலங்கையில் 1912இல் மாத்தளையில் சாரணியம் தொடங்கியது. இங்கே சாரணர் வேலை வாரம் என்று ஒன்று உண்டு. பிள்ளைகள் அட்டையோடு வீடுகளுக்கும் கடைகளுக்கும் போய், வளவு கூட்டுவது, சைக்கிள் கழுவுவது, அலுமாரி துடைப்பது என்று ஏதாவது செய்து கொடுப்பார்கள். வீட்டுக்காரர் தந்த காசை அட்டையில் எழுதிக் கையெழுத்து வைப்பார். பிரித்தானியாவில் 1949இல் ஆரம்பித்த பழக்கம், அங்கே பிறகு விட்டுவிட்டார்கள்.

நான் சிறுவனாக அப்படி உழைத்த காசில் எங்கள் துருப்புக்குக் கயிறும் சமையல் பாத்திரமும் வாங்கினோம். அந்தப் பாத்திரத்தை எவ்வளவு கவனமாகக் கழுவி வைத்தோம் தெரியுமா! உங்கள் அறக்கட்டளையிடம், பிள்ளைகள் சேர்க்கும் தொகைக்குச் சமமாக அவர்களும் போடட்டும் என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் பெண்பிள்ளைகள் என்றபடியால் தெரிந்த வீடுகளுக்கு மட்டும், இருவர் இருவராக, பெரியவர் ஒருவர் துணையோடு.

மேடை வேண்டாம்:

நான் மாநில அளவிலான ராஜ்ய புரஸ்கார் விருது வாங்கிய பழைய சாரணியர். எனக்குச் சீருடை தந்ததும் ஒரு அறக்கட்டளைதான், அது இல்லையென்றால் அதற்கு முந்தைய படியான மூன்றாம் சோபான் தேர்வுக்கே போயிருக்க மாட்டேன். எங்கள் படையில் ராஷ்டிரபதி விருது வரை போன அக்கா ஒருவர் ரயில்வே சாரணர் ஒதுக்கீட்டில் வேலைக்குப் போனார். அதனால் தலைமை ஆசிரியர் சொல்வதை லேசாக எடுக்காதீர்கள் டீச்சர்.

ஆனால் அந்தச் சீருடையை மேடைக்குக் கூப்பிட்டு, "ஏழை மாணவிகளுக்கு வழங்குகிறோம்" என்று மைக்கில் அறிவித்துக் கொடுத்தார்கள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. என் வகுப்புப் பையன்கள் முழுப் பேரும் கீழே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மாதம் அதைப் போடவே இல்லை, அம்மாவிடம் அளவு சரியில்லை என்று பொய் சொன்னேன். துணியாக வாங்கித் தரச் சொல்லுங்கள், உள்ளூர்த் தையற்காரரிடம் எல்லாருக்கும் ஒன்றாகத் தைத்து வகுப்பறையில் கொடுத்துவிடுங்கள். தயவுசெய்து.

சென்னை சிஎஸ்ஆர்:

கம்பெனிகளின் சமூகப் பணி நிதியை (சிஎஸ்ஆர்) கொடுக்கிற பக்கத்தில் வேலை செய்கிறேன். 2013 கம்பெனிச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், அதற்கு அறிக்கை தர வேண்டும். உங்கள் அறக்கட்டளைக்கு அப்படி ஏதாவது நிறுவனத்தின் பணம் வருகிறதென்றால் போட்டோவும் எண்ணிக்கையும் அவர்களுக்கு நிஜமாகவே தேவை. கெட்ட எண்ணம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். போட்டோவுக்குப் பதில் வேறு நல்ல கணக்கைக் கொடுங்கள். நட்ட கன்று எத்தனை என்று எழுதுவதைவிட, ஒரு வருடம் கழித்து உயிரோடு இருப்பது எத்தனை என்று பிள்ளைகள் எழுதிய ஒரு பக்க அறிக்கை வந்தால் நான் அதைத்தான் மேலிடத்துக்குக் காட்டுவேன்.

பிள்ளைகள் முகம் தெரிகிற படம் வேண்டுமென்றால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். பெயர், வகுப்பு எதுவும் படத்துக்குக் கீழே வரக்கூடாது.

காவிரிக்கரை டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. மேடை வேண்டாம் என்ற தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

நேற்று மூன்று அணித் தலைவிகளையும் உதவி அணித் தலைவிகளையும் உட்காரவைத்து விஷயத்தை அப்படியே சொன்னேன். முதலில் பேசவே இல்லை. அப்புறம் ஒருத்தி, "அவங்க நட்ட கன்னை நாமளே பாத்துக்கலாம் டீச்சர்" என்றாள். சாயங்காலம் போய்ப் பார்த்தோம். 50 கன்றில் 31 பிழைத்திருக்கிறது. ஆடு கடித்தது சில, காய்ந்தது சில. அணிக்குப் பத்து, மிச்சம் ஒன்று எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். சீருடைக்கு அடுத்தபடியாக அறக்கட்டளையிடம் கேட்க அவர்கள் எழுதிய பட்டியலில் டென்ட் இல்லை: வாளி ஆறு, ஆடு புகாமல் வேலி போட மூங்கில், முதலுதவி சொல்லித்தர ஓர் ஆள்.

ஒரு பக்க ஒப்பந்தத்தை இன்று ராத்திரி எழுதுகிறேன். திருச்சி ஐயா, நீங்கள் அப்போது எழுதியதன் நகல் இருந்தால் இங்கேயே போடுங்கள், பெயர்களை மறைத்துவிட்டு.