புதுப்பிப்பு: மொறிஸ் மைனரும் சந்தாக் கராஜும்

யாழ்ப்பாணத்தில் கொக்குவில் பக்கம், மாதச் சந்தா கட்டினால் இடமும் ஜக்கும் நட்டுக் கழற்றும் சாவிகளும் (ஸ்பனர்) தந்து, எங்கள் காரை நாங்களே கழற்றிப் பூட்ட விடும் கராஜ் ஒன்றைப் பற்றி முன்பு எழுதி, சேரலாமா என்று கேட்டிருந்தேன். சேர்ந்துவிட்டேன். அப்பாவின் பழைய பிரிட்டிஷ் கார் மொறிஸ் மைனருக்கு முன் பிரேக் வேலையும் முடிந்தது.

சாவி எல்லாம் இருக்குமா என்று பலர் கேட்டீர்கள். இருக்கும், ஆனால் அங்கே தொங்குவதெல்லாம் மில்லிமீற்றர் சாவிகள். மைனர் அங்குலக் கணக்குக் கார். அரை அங்குலச் சாவி பிடிக்கும் நட்டு 12.7 மில்லிமீற்றர், 13 மில்லிமீற்றர் சாவியைப் போட்டு இழுத்தால் நட்டின் மூலை மழுங்கிவிடும். பழைய ஒஸ்டின், மொறிஸ் வைத்திருப்பவர்கள் சொந்தச் சாவிகளோடு போங்கள்.

உண்மையான லாபம் ஆள்துணைதான். பிரேக் ஒயில் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டுமே. பக்கத்தில் வேலை செய்த அண்ணை பெடலை மிதிக்க, நான் கீழே படுத்து, காற்று வெளியேறும் சின்னத் திருகான நிப்பிளைத் திறந்து மூடினேன். "காலை எடுக்கட்டோ?" "பொறுங்கோ அண்ணை, இன்னும் குமிழி வருது!" நிப்பிளை இறுக்க முன் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும்.

கழிவு ஒயிலை நிலத்தில் ஊற்ற விடமாட்டார்கள், கலன் வைத்திருக்கிறார்கள். சுண்ணக்கல் நிலம், ஊற்றினது கீழே இறங்கிவிடும்; குடிப்பதோ கிணற்றுத் தண்ணீர். சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததை மறந்தா போனோம்? அந்தக் கலனுக்காகவே எனக்கு இடம் பிடித்துப்போனது.

சனி, ஞாயிறு மட்டும் சரியான நெருக்கடி. வான் கொண்டுபோகலாமா என்று கேட்டவருக்கு: கூரை உயரம் குறைவு, ஹைஏஸ் நுழையாது.